எண்ணெய் இல்லாத நாற்பது நாட்கள்

என் நோயைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் நலம் விசாரிக்கவில்லை. "உங்களுக்கா? நீங்க செக்கு எண்ணெய்க் கடை வச்சிருக்கறவங்களாச்சே" என்றுதான் கேட்டார்கள். ஆரம்பத்தில் அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். இப்போது வருவதில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டவர்களே நாங்கள்தான். அதைக் கேட்டுக்கொண்டு ஏழு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கை வலி இல்லாத நாட்களில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாருக்காவது உதவும் என்றால் நல்லது.

எங்கள் கடை திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் மோட்டாரில் ஓடும் இரண்டு மரச்செக்கு, மாடியில் வீடு. கடலை, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் கணவரின் அண்ணன் நிலத்திலிருந்து வரும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் தேங்காய் எண்ணெய் வாங்குவார்கள். ஊர்க்காரர்கள் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்குவார்கள்.

என் கணவர் ஏழுமலை எண்ணெயை ஊற்றிக்கொண்டே பேசுவார். "ரீஃபைண்டு ஆயில்தாங்க எல்லா வியாதிக்கும் காரணம். அதுல சத்தே இல்ல. இத சாப்பிடுங்க, ஹார்ட் அட்டாக் கிடையாது, கேன்சர் கிடையாது" என்பார். பொய் சொல்லி வியாபாரம் செய்கிற ஆள் இல்லை அவர். சொன்னதை முழுக்க நம்பினார். நானும் நம்பினேன். நல்ல எண்ணெய்க்கு அளவு எதற்கு என்று இட்லிப் பொடியில் குளம் கட்டி ஊற்றிக்கொள்வேன். போகும்போதும் வரும்போதும் ஒரு கைப்பிடி கடலை வாயில் போட்டுக்கொள்வேன். ஐம்பத்தொரு வயதில் எழுபத்தெட்டு கிலோ இருந்தேன். அதையும் ஆரோக்கியம் என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளுக்குப் பக்கத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

"வலிக்குதா?" என்றார்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப கொழுப்புக் கட்டிதான். அண்ணன் முதுகுல பத்து வருஷமா இருக்குது, அவரு என்னா செத்தா போயிட்டாரு? நம்ம எண்ணெய் சாப்பிடற உடம்புக்கு வேற எதுவும் வராது. சும்மா இரு."

சும்மா இருந்தேன். பழியை அவர்மேல் மட்டும் போட்டால் அது நியாயம் இல்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு டாக்டர் முன்னால் ரவிக்கையைக் கழற்ற வேண்டியதில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. வலிக்கிற கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வலிக்காத கட்டியையும் உடனே காட்ட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஏழு மாதம் போயிற்று. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என் மகள் பவித்ரா எனக்குப் புடவை மடிப்பை எடுத்துவிட வந்தாள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பில் வேலை செய்கிறாள், இருபத்துநாலு வயது. கட்டிக்கு மேலே தோல் உள்ளுக்கு இழுத்துக் குழி விழுந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். "இது எப்ப இருந்து?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

மறுநாள் போளூர் வழியாக வேலூருக்கு பஸ். அங்கே ஒரு பெரிய மருத்துவமனை, பெயர் வேண்டாம். மேமோகிராம் என்றால் மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. வலிக்கும், ஆனால் மூச்சு விட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிடும். பயாப்ஸி என்றால் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடிமனான இன்னொரு ஊசியால் கட்டியிலிருந்து துளித் தசையை எடுப்பது. எடுக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம்தான் பயமாக இருக்கும்.

பதிவு செய்யும் இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். "எவ்ளோ நாளா கட்டி இருக்கு?" என் கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கை என் பதிவுச்சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

"ரெண்டு மாசமா" என்றேன்.

பவித்ரா தரையைப் பார்த்தாள். என் கணவர் அதைத் திருத்தவில்லை. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

முடிவு வர எட்டு நாள் ஆயிற்று. புற்றுநோய்தான். ஐந்தரை சென்டிமீட்டர். அக்குளில் ஒரு நெறிக்கட்டியிலும் இருந்தது. பெண்கள் உடம்பில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தூண்டித் தூண்டி வளரும் வகை என்றார் பெரிய டாக்டர். அவரும் பெண், என் வயதுதான் இருக்கும். கட்டி பெரிதாகித் தோலைப் பிடித்துவிட்டதால் நேராக அறுவை சிகிச்சை செய்ய முடியாது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்க வேண்டும், பிறகுதான் எடுக்க முடியும்.

"சுருங்கலன்னா?" என்று பவித்ரா கேட்டாள்.

"மருந்த மாத்திப் பார்ப்போம். ஆனா நாள் தவறக் கூடாது. மூணு வாரத்துக்கு ஒரு தடவை, சொன்ன தேதியில வந்து ஏத்திக்கணும். நாம நாள் தள்ளினா அது சும்மா இருக்காது."

அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை. சொன்ன தேதியில் மருந்து ஏற வேண்டும், கட்டி சுருங்க வேண்டும், அதை எடுக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் பிழைப்பேன். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றிய பயம் பாதி குறைந்தது. மிச்சப் பயம் முழுக்க அந்தத் தேதிகளில் போய் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே என் கணவர் செல்போனை எடுத்துவிட்டார். அதன் பிறகு ஒரு வாரம் அதிலேயே கிடந்தார். ஏதேதோ வீடியோ. ஆசிரமத்துப் பக்கம் மூன்று வருடமாகத் தங்கியிருக்கும் ஒரு வடநாட்டுப் பெரியவர் எங்கள் வாடிக்கைக்காரர், பச்சைக் காய்களை மட்டும் தின்கிறவர். அவரும் கொழுப்புதான் புற்றுநோய்க்குத் தீனி என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் காலையில் என் கணவர் மாடிக்கு வந்து சமையலறையில் இருந்த எண்ணெய்த் தூக்கைக் கையில் எடுத்தார்.

"இன்னையில இருந்து மேல ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தேங்கா கிடையாது, கடலை கிடையாது, பால் கிடையாது, முட்டை கிடையாது."

"அப்ப கீழ வர்றவங்களுக்கு மட்டும் ஊத்தித் தரலாமா?" என்றேன்.

தூக்கோடு கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் செக்கு ஓடும் சத்தம் கேட்டது. கீழே ஆட்டி விற்கிறோம், மேலே அதற்குத் தடை. எனக்குச் சிரிப்புகூட வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அத்தனை வருடம் ஆசையாகத் தின்றதெல்லாம்தான் உள்ளே கட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்று என் மனசும் சொல்ல ஆரம்பித்திருந்தது. தண்டனை மாதிரி எதையாவது செய்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கஞ்சி, வேகவைத்த சுரைக்காய், தாளிக்காத ரசம். இதுதான் மூன்று வேளையும். பவித்ரா சண்டை போட்டாள். "டாக்டர் சொன்னாங்களா இத?" என்றாள். "டாக்டருக்கு சாப்பாட்ட பத்தி என்னாம்மா தெரியும், மருந்த பத்தித் தெரியும்" என்றார் அவள் அப்பா. அவரும் அதே கஞ்சியைத்தான் குடித்தார். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற மனுஷன், உப்புப்போட்ட சுரைக்காயைப் பிசைந்து தின்றுகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தால் யாரால் கோபப்பட முடியும்?

முதல் கீமோ. சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து. சிறுநீர்கூட அன்றைக்குச் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது. பக்கத்துப் படுக்கையில் ஆரணியைச் சேர்ந்த கனகா அக்கா, பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பெண். அவருக்கு அது ஐந்தாவது தடவை. சொட்டு சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே தூள் பக்கோடா பொட்டலத்தைப் பிரித்தார்.

"எடுத்துக்கோ மல்லிகா. வாய்க்கு ருசி தெரியற நாள்லயே தின்னுடணும். அப்பால எல்லாம் இரும்பு மாதிரி இருக்கும்."

"நான் எண்ணெய் சேத்துக்கறதில்லக்கா" என்றேன், பெரிய விரதக்காரி மாதிரி. மனசுக்குள், இந்த அம்மா பிழைக்கமாட்டார் என்றும் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். கனகா அக்கா இப்போதும் நன்றாக இருக்கிறார்.

இரண்டாவது கீமோவுக்குள் முடி கொட்டிவிட்டது. எடை பார்த்தபோது எழுபத்துமூன்று. "சாப்பிடறாங்களா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "நல்லா சாப்பிடறா" என்று இவர் சொன்னார். மூன்று வேளையும் சாப்பிட்டேன்தான். நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து விளக்கினார். கீமோ ஏறிய பத்தாம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். கிருமியோடு சண்டை போடுவது அவைதான். அந்தச் சமயத்தில் காய்ச்சல் நூறைத் தாண்டினால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கக் கூடாது, பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு அப்போதே ஓட வேண்டும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அந்தத் தாளைப் பவித்ரா குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

காய்ச்சல் வந்தது. வந்த நாள் பௌர்ணமி.

எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். கிரிவலம் போகிறவர்கள் கோயிலிலிருந்து கிளம்பி எங்கள் கடை வாசல் வழியாகத்தான் மலையைச் சுற்றப் போவார்கள். வண்டிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு உடம்பு உதறியது. நூற்றிரண்டு. பவித்ரா ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். கூட்டத்துக்குள் உள்ளே வர நேரமாகும், ஊர்ப்பக்கம் அரை கிலோமீட்டரில் மருத்துவ முகாமில் ஒரு வண்டி நிற்கிறது, அங்கே வந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

எண்ணெய் டின் ஏற்றும் தள்ளுவண்டி கடைக்குள் இருந்தது. என் கணவர் அதில் இரண்டு சாக்கை விரித்து, என்னைத் தூக்கி உட்கார வைத்தார். ஷட்டரைத் தூக்கியதும் சாலை முழுக்க தலைகள். அத்தனை பேரும் மேற்கே போகிறார்கள், நாங்கள் கிழக்கே போக வேண்டும். எத்தனையோ வருடமாக இந்தச் சாலையில் இருக்கிறேன், பௌர்ணமியில் யாரும் எதிர்ப்பக்கம் நடந்து நான் பார்த்ததில்லை.

"எதிர்ல வராதப்பா", "அறிவிருக்குதா, வண்டியத் தூக்கினு வரான் பாரு" என்று திட்டு விழுந்தது. இவர் வண்டியைத் தள்ளுவதிலேயே இருந்தார். பவித்ரா முன்னால் போய் இரண்டு கையாலும் ஆட்களை விலக்கிக்கொண்டே போனாள். நூறடிக்கு மேல் நகரவில்லை. எனக்குப் பல் கிட்டியது. செத்துப்போனால் இந்த எண்ணெய்ச் சாக்கின் மேலேதான் என்று நினைத்தேன். அதுவரை மலையைப் பார்த்துக் கும்பிட்டவள், அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோபமாக இருந்தது.

அப்போது என் தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது. எடுத்துக் கட்டக் கையைத் தூக்க முடியவில்லை. மொட்டைத் தலையோடு, கண் செருகி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் முன்னால் வந்த ஒரு அம்மா அப்படியே நின்று, பின்னால் இருப்பவர்களைப் பார்த்து, "கேன்சர் பேஷண்டுபா, வழி வுடுங்க" என்று குரல் கொடுத்தார். அந்த வார்த்தையை வெளியில் சத்தமாக யாரும் என்னைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. வழி விட்டார்கள். கடைசி இருநூறடி இவர் ஓடினார்.

ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் ஊசி மருந்து ஏற்றி, மறுநாள் வேலூருக்கு அனுப்பினார்கள். நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளை அணு முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. தனி அறை, உள்ளே வருகிறவர்கள் எல்லோருக்கும் முகமூடி. வாயெல்லாம் புண். எடை அறுபத்தொன்பது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் எனக்குப் பயம்.

"வெள்ளணு குறையறது மருந்தால. அது எல்லாருக்கும் குறையும். ஆனா உங்களுக்கு ரத்தத்துல புரதமும் கம்மியா இருக்கு. நாப்பது நாள்ல ஒன்பது கிலோ போயிருக்கு. வீட்ல என்ன சாப்பிடறீங்க?"

"எல்லாமே சாப்பிடறாங்க மேடம்" என்றார் இவர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. வாய்ப்புண்ணோடு பேசினேன். "பொய் சொல்லாதீங்க. நாப்பது நாளா கஞ்சியும் சுரைக்காயும்தான் டாக்டர். எண்ணெய் இல்ல, பால் இல்ல, முட்டை இல்ல. கொழுப்பு சாப்பிட்டா கட்டி வளரும்னு நிறுத்திட்டோம்."

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "என்ன தொழில் பண்றீங்க?"

"செக்கு எண்ணெய்க் கடை" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் சிரிக்கவில்லை. அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். கொழுப்பு அதிகம் தின்னும் நாடுகளில் மார்பகப் புற்று அதிகம் என்று பார்த்துத்தான் இந்தச் சந்தேகம் முதலில் வந்ததாம். ஆனால் தனித்தனியாகப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனித்தபோது அது அவ்வளவு தெளிவாக நிற்கவில்லை. சில ஆய்வுகளில் கொஞ்சம் தொடர்பு தெரிந்தது, பலதில் தெரியவில்லை. இந்த எண்ணெயால் வரும், அந்த எண்ணெயால் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரளவு உறுதியாகத் தெரிந்தது வேறு. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் சேரும் கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் அந்த வயதுக்கு மேல் எடை கூடினால் ஆபத்தும் கொஞ்சம் கூடும்.

"அப்ப நான் குண்டா இருந்ததால வந்துச்சா?"

"அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. இதனாலதான் வந்துச்சுனு ஒரு ஆளக் காட்டி என்னால சொல்ல முடியாதும்மா. எல்லாம் முடிஞ்சப்புறம் எடைய அளவா வச்சுக்கலாம், எண்ணெய அளவா ஊத்திக்கலாம். அதுக்கு நேரம் இருக்கு. இப்ப நீங்க இளைக்கக் கூடாது. இப்ப சாப்பாடுதான் உங்க மருந்து பாதி."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். மூன்றாவது கீமோவைச் சொன்ன தேதியில் கொடுக்க முடியாது. பத்து நாள் கழித்து ரத்தம் பார்த்து, ஏறியிருந்தால் கொடுப்பார்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் தள்ளும். "உள்ள இருக்கறது இந்தப் பத்து நாள்ல என்ன பண்ணுதுனு எனக்குத் தெரியாது" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி. ஆனால் அந்தப் பத்து நாளைப்போல ஒன்றை நான் என் எதிரிக்குக்கூட நினைக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கீழேயிருந்து எண்ணெய்த் தூக்கைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அவரே முட்டை பொரித்தார். ஸ்பூனில் அளந்து எண்ணெய் ஊற்றும்போது பாதி அடுப்பில் சிந்தியது. லிட்டர் கணக்கில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுகிற கை அது. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். புண் வாயில் முட்டை எரிந்தது. அழுதுகொண்டே தின்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மணிக்கு ஒருதரம் ஏதாவது வரும், பால், வேகவைத்த கடலை, பருப்பு நெய்ச்சோறு. ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் கட்டியை நானே தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் சின்னதாகத் தெரியும், மறுநாள் பெரிதாகத் தெரியும். பிறகு தொடுவதையே விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு வேலூரில் காத்திருக்கும் கூடத்தில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். பவித்ரா நகத்தைக் கடித்துத் துப்பினாள். இவர் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நர்ஸ் வந்து, "மல்லிகா ஏழுமலை, மருந்து ஏத்தலாம், வாங்க" என்றார். கீமோ ஏற்ற வாருங்கள் என்று கூப்பிட்டதற்குச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

நான்காவது முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்தரை, மூன்றாகியிருந்தது. மருந்து வேலை செய்கிறது. மிச்சக் கீமோவும் முடிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இடது மார்பு முழுவதையும், அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். தேங்கும் நீர் வெளியே வர ஒரு குழாயும் அதில் ஒரு குப்பியும் பத்துப் பன்னிரண்டு நாள் தொங்கும். பவித்ரா அதைப் போட்டுக்கொள்ளத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள், பூப்போட்ட துணி. பிறகு கதிர்வீச்சு. இப்போது தினம் ஒரு மாத்திரை, ஈஸ்ட்ரோஜனை அடக்க. அதை வருடக்கணக்கில் போட வேண்டும். எடை அறுபத்தாறு. தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றுகிறேன், வாரம் ஒருநாள் பக்கோடாவும் தின்கிறேன்.

பிழைத்துவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏழு மாதத்தைப் பற்றி நானும் அவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இன்னும் இரண்டு மாதம் என்றுதான் இருக்கிறது. குளிக்கும்போது தட்டையாகக் கிடக்கும் இடத்தில் கை பட்டால் கோபம் வரும். அவர்மேலும் வரும், என்மேலும் வரும். கீழே கடையில் அவர் அதற்குப் பிறகு பேச்சில்லாமல் எண்ணெய் ஊற்றினார். அவ்வளவுதான் மாறியிருந்தது.

போன மாதம் ஒருநாள் காலையில் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து மாதம் ஒருதரம் வந்து எண்ணெய் வாங்கும் தனம் என்ற அம்மா, மருமகளோடு வந்தார். மருமகளுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்கும். கடையில் வேறு மூன்று பேர் நின்றிருந்தார்கள். தனம் குரலைத் தாழ்த்தி இவரிடம் சொன்னார்.

"இவளுக்கு மார்ல ஒரு கட்டி கீது. ரெண்டு மாசமா. வலி ஒண்ணும் இல்ல. நம்ம எண்ணெயத்தான சாப்பிடறா, ஒண்ணும் ஆவாது இல்ல?"

இவர் ஊற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் புனலைக் கீழே வைத்தார்.

"எண்ணெய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லமா."

"என்னாபா, நீதான எப்பவும் சொல்லுவ."

"சொன்னேன். என் சம்சாரத்துக்கிட்டயும் இதையேதான் சொன்னேன்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. குரல் தாழவும் இல்லை. நின்றிருந்த எல்லோருக்கும் கேட்டது. "ஏழு மாசம் அவள வூட்லயே உக்கார வச்சேன். ஆஸ்பத்திரில கேக்கறப்போ ரெண்டு மாசம்னு எனக்காகப் பொய் சொன்னா. நான் வாய மூடினு நின்னேன். இப்ப அவளுக்கு ஒரு பக்கம் இல்ல. எண்ணெய் இன்னொரு நாள் வாங்கிக்கலாம்மா. அந்தப் பொண்ண இப்பவே டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். செக்குக்குப் பக்கத்தில் நின்று ரவிக்கையை அவிழ்த்து என் தழும்பைக் காட்டினேன். என் மகள் தவிர யாருக்கும் காட்டியதில்லை. "இதப் பாத்து பயப்படாத. நான் லேட்டா போனதால இப்படி. நீ இன்னைக்கே போ" என்றேன். வெளியே வந்தபோது இவர் காலை பதினோரு மணிக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். பவித்ராவுக்குப் போன் போட்டு, ஆட்டோவும் கூப்பிட்டிருந்தார்.

அவளுக்கும் புற்றுநோய்தான். ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர். நேற்று மத்தியானம் தனம் போன் செய்தார். இவர்தான் எடுத்தார், எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சுதுபா. மார எடுக்கல. கட்டிய மட்டும் எடுத்தாங்களாம்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பின்பக்கம் போய்விட்டார். நான் தனத்திடம் பேசிவிட்டுப் போய்ப் பார்த்தபோது, ஓடாத செக்குக்குப் பக்கத்தில் கடலை மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்தார்.

"சீக்கிரம் போயிருந்தா உனக்கும் எடுத்திருக்க மாட்டாங்க இல்ல, மல்லிகா?"

"ஆமாங்க, எடுத்திருக்க மாட்டாங்க" என்றேன். இல்லை என்று சொல்லித் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. அவர் பக்கத்தில் போய் அதே மூட்டைமேல் உட்கார்ந்தேன்.